நீ கேட்ட பதிலும் நான் எழுதிய முறைப்பாடும்

மகளுக்கு,

நேற்றுக் காலையிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இது ஆறாவது தாள். முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். நம் ஊர் தோட்டவெளியில் எவருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் "சேரிட்டப் போங்கோ" என்று என்னைக் கைகாட்டுவார்கள். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மகளுக்கு நாலு வரி எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, உன்மேல் குறை சொல்லி வலயக் கல்விக் கந்தோர் அதிகாரிமாருக்குப் போன முறைப்பாட்டின் பிரதியை என் மேசையில் வைத்தாய். "அப்பா, வியாழக்கிழமை விசாரணை. இதுக்கு ஒரு பதில் எழுதித் தாங்கோ" என்று கேட்டாய். நானும் "ஓம் பிள்ளை, எழுதித் தாறன்" என்றேன். அந்தப் பதிலை எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த முறைப்பாட்டை எழுதியவனும் நான்தான்.

இந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவாய் என்று தெரியும். உன் கோபம் அம்மாவிடமிருந்து வந்தது. சத்தம் போடாது, நாலு நாள் பேசாது. போ, வளவுக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு வா. ஆனால் இங்கே வரவென்று ஸ்கூட்டரை மட்டும் எடுக்காதே. இந்தச் சோளகக் காற்றில் கடற்பாலத்தில் ஏறினால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகும். போதாக்குறைக்கு இந்தப் பக்கம் இறங்கியதும் நடு ரோட்டில் கழுதைகள் வேறு நிற்கும். பார், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட ஸ்கூட்டரைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் இலக்கத்தை எடுத்தேன், மூன்று தடவையும் மணி அடிக்கும் முன்னே வெட்டினேன். அதனால் புதன்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்த கதைகளையும் விலாவாரியாக எழுதியிருப்பேன். சலித்துக்கொள்ளாதே. விசாரணைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அவர்களுக்காக முதலில் உன் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பாப்பாமோட்டைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் உனக்கு முதல் நியமனம் கிடைத்தது. அங்கேயே அறை எடுத்துத் தங்கினாய். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வந்தால், மற்றப் பிள்ளைகள் போல நித்திரை கொள்ளாமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவாய். சோகியும் சிப்பியும் பொறுக்கி வருவாய். குசினியில் முட்டைத் தட்டை எடுத்து, ஐந்து குழி மேலும் ஐந்து குழி கீழுமாக, பத்துப் பத்தாக வெட்டுவாய். தென்னை ஈர்க்கைச் சமமாக நறுக்கி, பத்து ஈர்க்குக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவாய். கடைகளில் சோடா மூடி கேட்டு வாங்குவாய். நான் பேப்பருக்கு மேலால் பார்த்துக்கொண்டு, "என்ன பிள்ளை, பழைய சாமான் கடை போடப் போறியோ?" என்று கேட்டேன். "எண் படிப்பிக்கப் போறன் அப்பா" என்றாய். "எண்ணை வாயாலதான் படிப்பிக்கிறது. சோகியால சாத்திரம்தான் பாக்கிறது" என்றேன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

நீ சிரிக்கவில்லை. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கு விளங்கப்படுத்தினாய். "ஒரு பிள்ளை எட்டு எண்டு சொல்லேக்க அதின்ர மனசில எட்டுச் சாமான் தெரியோணும் அப்பா. அஞ்சும் மூண்டும் தெரியோணும். பத்துக்கு இன்னும் ரெண்டு வேணும் எண்டு தெரியோணும். வெறும் சத்தம் காணாது." ஒரு கை நிறையச் சோகியை மேசையில் கொட்டி, "எண்ணாமச் சொல்லுங்கோ, இருபதுக்குக் கூடவோ குறையவோ?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்க, பேப்பரை ஒரு பக்கம் திருப்பினேன். நீ சோகியை அள்ளிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது பழைய கதை. உனக்கு எட்டு வயது, மடு மாதா கோயில் ஆவணித் திருவிழா. மூன்று குடும்பமாகச் சேர்ந்து மரத்தடியில் கூடாரம் அடித்திருந்தோம். நான் உன்னை எல்லோருக்கும் நடுவில் நிறுத்தி வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாய். பக்கத்துக் கூடாரத்துக்காரரும் வந்து நின்று கேட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் தேத்தண்ணி கொதித்துவிட்டது. "பிள்ளை, நாங்கள் மூண்டு குடும்பம். குடும்பத்துக்கு எட்டுப் பேர். எல்லாருக்கும் குடிக்கப் பேணி எடுத்துக்கொண்டு வா" என்றேன். நீ பேணிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாய். பிறகு கை கொள்ளுமட்டும் எடுத்து வந்தாய், போதவில்லை. திரும்பப் போய் எடுத்து வந்தாய், அப்போதும் காணவில்லை. "மூவெட்டு எத்தனை?" என்று கத்தினேன். "இருபத்துநாலு." "அப்ப பேணி எத்தனை?" நீ அழுகையை அடக்கிக்கொண்டு, "மூவெட்டுத் தெரியும் அப்பா. பேணி எத்தனை எண்டுதான் தெரியேல்லை" என்றாய். கூடாரமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்.

அந்தக் கதையை எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால் கூசுகிறது. கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய அன்றைய சாப்பாட்டில் சொன்னேன். உனக்கு நியமனக் கடிதம் வந்த அன்று, கேக் வெட்டும்போதும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்ப்பாய். சிரிக்க வேண்டியது உன்னைப் பார்த்து அல்ல என்று எனக்குப் பட இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. பன்னிரண்டு வாய்ப்பாட்டையும் ஒரு பிழையில்லாமல் உன் வாயில் ஏற்றிவிட்டு, இருபத்துநாலு என்றால் எவ்வளவு என்று ஒருநாளும் காட்டாமல் விட்ட வாத்தியார் நான்.

அதே வருடம் ஒக்டோபர், செபமாலை மாதம். மாலைச் செபத்துக்கு முன்னால் நீ மாதா படத்தடியில் காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாய். கையில் செபமாலை, மடியில் கணக்குக் கொப்பி. இருபத்துநாலும் பதின்மூன்றும் எத்தனை என்ற கணக்கு. பத்து மணி நகர்த்தினாய், பெரிய மணியைத் தாண்டினாய், இன்னும் பத்து, திரும்பப் பெரிய மணி, பிறகு நாலு. அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டு பதின்மூன்று மணி நகர்த்தினாய். பிறகு திரும்பிப் பார்த்து, பத்து மணிக் கோர்வை மூன்றும் அடுத்ததில் ஏழும் என்று கண்டு, கொப்பியில் முப்பத்தேழு எழுதினாய். விடை சரி. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "செபமாலை என்ன கணக்குப் பாக்கிற சாமானோ?" என்று கேட்டு, கோடு போடும் அடிமட்டத்தால் விரலில் போட்டேன். நீ விரலைச் சப்பிக்கொண்டே, "பெரிய மணிய எண்ணுறேல்லை அப்பா. பத்து முடிஞ்சுது எண்டு அது சொல்லும்" என்றாய். நீ செபத்தை அவமதிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். செபமாலையைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். செப நேரத்துக்கு மட்டும் எடுத்துத் தந்தேன்.

பத்தைப் பத்தாகக் கட்டிப் பார்க்கலாம் என்பதை எட்டு வயதில் ஒருவரும் சொல்லித் தராமல் நீயாகவே கண்டுபிடித்திருந்தாய். அதைத்தான் நான் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு நீ கணக்குப் பாடத்தை விரும்பியதாக எனக்கு ஞாபகமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் தப்பிப் பிழைத்து, கணக்கில் வெறும் சித்தி மட்டும் எடுத்தாய். கணக்கு வாத்தியாரின் மகளுக்கு இவ்வளவுதானா என்று நாலு பேர் கேட்டார்கள். நானும் அதையே உன்னிடம் கேட்டேன். கல்வியியற் கல்லூரிக்குப் போய், சின்னப் பிள்ளைகளுக்கு எண் படிப்பிக்கப் போவதாகச் சொன்னாய். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். மூன்று கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை, நீ வராத வாரம், றெஜினா வந்தாள். அவள் என்னிடம் படித்த பிள்ளை, நம் ஊர்க்காரி. நீ முதலாம் ஆண்டு படிக்கும்போதே கலியாணம் கட்டிப் பாப்பாமோட்டைக்குப் போய்விட்டாள், அதனால் வளர்ந்த உன்னை அவளுக்கு அடையாளம் தெரியாது, உன் பதிவுப் பெயரும் தெரியாது. தாய் வீட்டுக்கு வந்தவள், கடைசி மகள் ஷெரினையும் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. றெஜினா பிள்ளையின் கொப்பியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். புள்ளிகளும் வட்டங்களும்தான் இருந்தன. "பாருங்கோ சேர், ரெண்டாம் ஆண்டுக்கு வந்து அரை வருசம். ஒரு வாய்ப்பாடு தெரியாது இவளுக்கு. புதுசா வந்த ரீச்சர் சோகியும் ஈர்க்கும் குடுத்து விளையாட விடுறா. நீங்கள் எங்களுக்கு எப்பிடிப் படிப்பிச்சனீங்கள்! இப்பவும் கேளுங்கோ, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுவன்." சொல்லியும் காட்டினாள். ஓர் இடத்திலும் தடக்கவில்லை. எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கந்தோருக்கு ஒரு கடிதம் கொடுக்கப் போகிறார்களாம், அதை நான் எழுதித் தர வேண்டுமாம்.

"ரீச்சரின்ர பேர் என்ன?" என்று கேட்டேன். அவள் உன் பெயரைச் சொன்னாள். பேனை மூடியைக் கழற்றியிருந்தேன். "அது என்ர மகள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று இந்த மூன்று கிழமையாகத் தோண்டிப் பார்க்கிறேன். பயம் இருந்தது. பெற்றோரைப் பகைத்துக்கொண்டு, நியமனம் உறுதியாகும் முன்னே நீ கெட்ட பெயர் எடுத்துவிடுவாயோ, ஒரு சின்னக் கண்டிப்பு வந்தால் வழிக்கு வந்துவிடுவாயே என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னை ஒருவரும் அப்படிப் புகழவில்லை. றெஜினா பதினாறாம் வாய்ப்பாடு சொன்ன சத்தத்தில் நான் மயங்கிப் போயிருந்தேன். அது என் மகள்தான் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அதோடு நின்றிருக்கும்.

இன்னும் மோசமானது இனித்தான். நான் எழுதத் தொடங்கியபோது ஷெரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். உன் அம்மா புளி உடைத்துக் கொட்டை எடுத்துப் பக்கத்தில் ஒரு சுளகில் போட்டிருந்தாள். பிள்ளையைச் சோதித்துப் பார்ப்போமே என்று, "எட்டும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணுவாள், எழுதுவதற்கு ஒரு வசனம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் சுற்றிப் பார்த்தாள். என் பிரஷர் குளிசை முடிந்த வெறும் அட்டை மேசையில் கிடந்தது. அதில் ஐந்து குழி மேலும் ஐந்து குழி கீழும். அதை எடுத்து, எட்டுப் புளியங்கொட்டையைக் குழிகளில் வைத்தாள். ஐந்தை வெளியே வைத்தாள். ஒரு நொடி பார்த்துவிட்டு, கையால் தொடாமலே, "ரெண்டு ஓட்டை இருக்கு. அஞ்சில ரெண்டு அங்க போகும். மூண்டு வெளியால நிக்கும். பதின்மூண்டு" என்றாள். "எண்ணாம எப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன். "கண்ணால பாத்தனான்" என்று ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள்.

முப்பத்துநாலு வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் அப்படிச் செய்ததில்லை. என் பிள்ளைகள் சரியான விடையைச் சத்தமாகச் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அந்தச் சின்னவள் பத்தை நிரப்பிப் பார்க்கப் பழகியிருந்தாள், பழக்கியது நீ. அதை என் கண்ணால் கண்டேன் மகள். கண்ட பிறகும் எழுதினேன். பொறாமை என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. "விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கும் ஆசிரியை, படிப்புக்கு நேரம் ஒதுக்க மறந்துவிட்டார்" என்று ஒரு வசனம் வந்தது. நன்றாக விழுந்திருக்கிறது என்று அதை இரண்டு தடவை வாசித்தும் பார்த்தேன். றெஜினா அதை ரைப் அடிப்பித்து, கையெழுத்துச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வாசித்துக் காட்டியது அதே வசனத்தைத்தான். "இத எழுதினவர் ஆரோ தெரியாது அப்பா, நல்லாத் தமிழ் தெரிஞ்ச ஆள்" என்றாய். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன், தட்டில் சிந்தியது. பிரஷர் கூடிவிட்டதோ என்று நீ பயந்து குளிசை எடுத்துத் தந்தாய். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நீதான் அதற்குப் பிறகு சொன்னாய், "எல்லாச் சாமானையும் ஒரு உரப்பையில கட்டி ஸ்டோர் அறையில போட்டிட்டன் அப்பா. நாளையிலயிருந்து வாய்ப்பாடுதான். பிள்ளையள் பிழை விட்டா அடிமட்டமும் எடுக்கவேணும் போல கிடக்கு." சிரித்துக்கொண்டு சொன்னாய், ஆனால் உன் முகத்தில் சிரிப்பு இல்லை. அது என் பேச்சு. ஒரு சொல் மாறாமல் என் பேச்சு. நான் எதை விரும்பி அந்த முறைப்பாட்டை எழுதினேனோ அது நடந்துவிட்டது.

நீ போன பிறகு அம்மா மேசை லாச்சியைத் திறந்து, முறைப்பாட்டுக்கு நான் முதலில் கிறுக்கிய கைப்பிரதியை எடுத்து முன்னால் வைத்தாள். நீ பிரதியைக் காட்டிய உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். "உங்கட வசனம் எனக்குத் தெரியாதோ? முப்பது வருசமாக் கேக்கிறன். நான் அவளிட்டச் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறாள்.

நேற்று அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், குளிசை அட்டையையும் புளியங்கொட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு நானே இருந்து பார்த்தேன். சிரிக்காதே. எட்டை வைத்தேன், ஐந்தை வெளியே வைத்தேன். பார்க்க முன்னமே வாய் "பதின்மூண்டு" என்று சொல்லிவிட்டது. வாயை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் பார்க்க முயற்சி செய்தேன். ஒரு கை கொட்டையை அள்ளிப் போட்டு, எண்ணாமல் எத்தனை இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பது என்றேன், எண்ணினால் பதினெட்டு. இன்னொரு தடவை இருபது என்றேன், முப்பத்தொன்று. எண்ணை ஒருநாளும் நான் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டுத்தான் பாடமாக இருந்திருக்கிறது. இந்த வயதில், அந்த மேசையில் தனியாக இருந்து கொஞ்சம் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

இன்று காலை பஸ் ஏறிப் பாப்பாமோட்டைக்குப் போனேன். உன் அறைப் பக்கம் வரவில்லை, தைரியம் வரவில்லை. றெஜினா வீட்டுக்குப் போய், அந்த ரீச்சர் என் மகள் என்றும், நான் எழுதியது பிழை என்றும் சொன்னேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள், விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்றாள். "அப்ப நீங்கள் எழுதினது பொய்யோ சேர்?" என்று கேட்டாள். பொய் என்று சொல்ல முடியாது, கொப்பியில் வாய்ப்பாடு இல்லை என்பது உண்மை. உண்மை என்றும் சொல்ல முடியாது. "பிள்ளைக்கு என்ன தெரியும் எண்டு பாத்துப்போட்டும், அத நான் எழுதேல்லை" என்றேன். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். பிறகு, "பன்னிரண்டு பேர் கையெழுத்து வைச்சனாங்கள் சேர். பாதிப் பேர் வாசிக்கவுமில்லை. நீங்கள் எழுதினது எண்டு சொன்னாப் பிறகுதான் வைச்சவை. இப்ப அவையிட்ட நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது? இனி ஆர் சொல்லுறத நம்புறது?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நானே எல்லோருக்கும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்ற ஷெரின் படலை வரைக்கும் என் பின்னால் வந்து, "நேற்று ரீச்சர் சோகி தரேல்லை. சிரிக்கவும் இல்லை. எங்களில கோவமோ?" என்று கேட்டாள். இல்லை, கோபம் வர வேண்டியது என்னில்தான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பிள்ளை, உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இப்போது எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. நீ வகுப்பில் செய்வது என்ன என்று அந்தத் தாய்மாருக்கு ஒருநாளும் காட்டவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கொப்பி ஒன்றுதான், அந்தக் கொப்பியில் அவர்கள் தேடியது இல்லை. றெஜினா போன்றவர்களைப் பழக்கிவிட்டதும் நான்தான், சத்தம் கேட்டால் படிப்பு நடக்கிறது என்று. அவர்களைக் கோபிக்காதே. விசாரணை உன் பள்ளிக்கூடத்தில்தானே, வியாழக்கிழமை காலை ஸ்டோர் அறையைத் திறந்து அந்த உரப்பையை அவிழ். முட்டைத் தட்டுகளையும் ஈர்க்குக் கட்டுகளையும் அதிகாரிமாரின் மேசையிலேயே பரப்பு. பிள்ளைகளைச் செய்யவிடு, பிறகு தாய்மாரையும் செய்யவிடு. றெஜினாவிடம் ஒரு கை சோகியைக் கொடுத்து எண்ணாமல் சொல்லச் சொல். பிழை விட்டால் வெட்கப்படுவாள். முதலில் என்னிடம் கேள், நான் அவளைவிட மோசமாகப் பிழை விடுவேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தட்டுக் கொடுத்துவிடு.

நானும் வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன், இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. ஆனால் உனக்குப் பக்கத்தில் கதிரை போடாதே. முறைப்பாடு செய்த பெற்றோர் இருக்கும் நீள வாங்கில்தான் இருப்பேன், என் இடம் அதுதான். அங்கிருந்து எழும்பி, இந்தக் கடிதத்தை உரத்து வாசிப்பேன். என்னால் முடியாவிட்டால் அம்மா வாசிப்பாள், கேட்டுப் பார்த்தேன், ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மடுவில் நடந்ததையும் செபமாலையையும் ஏன் ஊருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்பாய். உன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்து இவ்வளவு காலம் சொன்ன கதையை, ஒரு தடவையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

அதிகாரிமார் என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இரவும் பகலும் அதையேதான் யோசிக்கிறேன். உன் நியமனம் உறுதியாவது தள்ளிப் போகலாம். எங்காவது தூரத்துக்கு மாற்றிவிடலாம், அங்கே எந்த பஸ் ஓடுகிறது, தண்ணீர் எப்படி என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. விசாரணையில் நீ வென்றுவிட்டு, இனி ஏன் வம்பு என்று அந்த உரப்பையை அவிழ்க்காமலே விட்டுவிடுவாயோ என்ற பயம். நல்ல பெயர் எடுப்பாய், பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பிழையில்லாமல் சொல்வார்கள், ஊர் புகழும். முப்பத்துநாலு வருடம் அப்படிப் புகழ் வாங்கியவன் சொல்கிறேன், என்னைப்போல ஆகிவிடாதே மகள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த முறைப்பாட்டில் பன்னிரண்டு பேரின் கையெழுத்து இருக்கிறது. எழுதியவனின் கையெழுத்து இல்லை. மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு நான் ஒளிந்துகொண்டேன். அன்று வைக்காததை இன்று இங்கே வைக்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

முறைப்பாட்டை எழுதியவன்,
உன் அப்பா